பெயர் ஒன்று, பதிப்பு வேறு: இணைப்பிகளின் சிறு வரலாறு

இரண்டு சொற்கள் சேரும்போது நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்பது தமிழ் இலக்கணத்தைச் சிறிதேனும் பயின்றவர்க்குத் தெரியும். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ஈறு எது என்று தெரியாமல் சேர்த்தால் பிறப்பது பிழைச்சொல். கணினி நிரல்களின் உலகிலும் இப்படியொரு புணர்ச்சி நாள்தோறும் நடக்கிறது. தனித்தனியே எழுதப்பட்ட நிரல் துண்டுகளைச் சேர்த்து ஓடக்கூடிய ஒரே நிரலாக்கும் கருவிக்கு லிங்கர் என்று பெயர். நாம் அதை இணைப்பி என்போம். இணைப்பி காட்டும் பிழைகளில் பெரும்பாலானவை, நிலைமொழி எதிர்பார்த்த வருமொழி வேறொரு பதிப்பிலிருந்து வந்துவிட்டதால் நேர்பவை. இந்தப் பொருத்தமின்மைக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்வி எழலாம். நமக்கு அந்த அக்கறை வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2001ஆம் ஆண்டில் நம் நண்பர் ஒருவர் சொல்லடைவு தயாரிக்கும் நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதினார். திஸ்கி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பனுவலை அது படிக்கும். சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரிக்கும். ஒவ்வொரு சொல்லும் எந்த அடியில் வருகிறது என்று பட்டியலிடும். பொது விதிக்கு அடங்காத இடங்களில் எப்படிப் பிரிப்பது என்பதை நண்பர் ஒவ்வொன்றாக யோசித்து முடிவு செய்து, பல நூறு விலக்குகளாக நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். அவர் எழுதிய மூலநிரல் இருந்த வட்டு பழுதாகிப் போயிற்று. ஒரு குறுந்தகட்டில் இயங்கு கோப்பு மட்டும் மிஞ்சியது. 2011இல் அதை ஒரு புதிய லினக்ஸ் கணினியில் ஓட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி. கோப்போ கண்ணெதிரே இருந்தது.

அந்த ஒற்றை வரியின் பொருளைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்டவையே இக்கட்டுரை.

*

நிரல் நூலகம் என்ற கருத்து கணினியோடு கூடவே பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தன் முதல் நிரலை ஓட்டியது. அடுத்த சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஓர் உண்மை உறைத்தது: தன் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தன் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது. ஒரு முறை சரியாக எழுதிச் சோதித்த துண்டை மீண்டும் எழுதாதிருப்பதுதான் பிழையைக் குறைக்கும் வழி. சதுரமூலம் காண்பது, எண்ணை அச்சிடுவது போன்ற வேலைகளுக்கான துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாக ஓர் இரும்பு அலமாரியில் வைக்கப்பட்டன. புதிதாக நிரல் எழுதுபவர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, இயந்திரத்தின் உதவியால் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். 1951இல் வில்க்ஸும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து நிரலாக்கம் பற்றிய முதல் பாடநூலை வெளியிட்டபோது அந்த அலமாரியில் 87 துணைநிரல்கள் இருந்தன. லைப்ரரி என்ற சொல் அங்கே உவமையாக வரவில்லை. அலமாரியும் தட்டுகளும் உள்ள மெய்யான நூலகமாகவே அது இருந்தது.

படியெடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. துணைநிரலில் உள்ள ஒவ்வோர் ஆணையும் நினைவகத்தின் ஏதோ ஒரு முகவரியைச் சுட்டும். அந்தத் துண்டு முழு நிரலின் எந்த இடத்தில் அமர்கிறதோ அதற்கேற்ப எல்லா முகவரிகளையும் கூட்டித் திருத்தியாக வேண்டும். கேம்பிரிட்ஜில் வீலர் எழுதிய தொடக்க ஆணைகள் இந்தக் கூட்டலை இயந்திரத்திடமே விட்டுவிட்டன. நாடாவை உள்ளே வாங்கும்போதே முகவரிகள் திருத்தம் பெற்றுவிடும். இன்றைய இணைப்பியின் வித்து அதுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 1 இயந்திரத்தில் பணிபுரிந்த கிரேஸ் ஹாப்பரும் அவருடைய கூட்டாளிகளும் துணைநிரல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்து ஒருவர் ஏட்டிலிருந்து மற்றவர் படியெடுத்துக்கொண்டிருந்தனர். அதில் இருவகைப் பிழைகள் நேர்ந்ததாக ஹாப்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நிரலாளர்களுக்குச் சரியாகக் கூட்ட வராது. சரியாகப் படியெடுக்கவும் வராது. சுவடி பெயர்த்தெழுதியோரின் பிழைகளோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. இதற்கு மாற்றாக அவர் 1952 வாக்கில் யூனிவாக் கணினிக்கு உருவாக்கிய ஏ-0 நிரல், அழைப்பு எண்ணைக் கொடுத்தால் துணைநிரல்களை நூலகத்திலிருந்து தானே எடுத்துத் தொகுத்துத் தரும். தொகுப்பது என்ற பொருளில்தான் அதற்கு அவர் கம்பைலர் என்று பெயரிட்டார். இன்றைய அளவுகோலின்படி ஏ-0 செய்த வேலை பெரும்பாலும் இணைப்பியின் வேலை. அந்தப் பெயரைப் பின்னாளில் மொழிபெயர்க்கும் நிரல் எடுத்துக்கொண்டது.

1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2, நிரலின் பகுதிகளைத் தனித்தனியே கம்பைல் செய்து வைத்துக்கொண்டு பிறகு சேர்க்க வழி செய்தது. நம் கதையின் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். தனித்தனியே செய்யலாம் என்றால் வெவ்வேறு காலத்திலும் செய்யலாம். இன்று எழுதும் நிரல் சென்ற ஆண்டின் நூலகத்தோடு சேரலாம். எழுதியவரும் சேர்ப்பவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே இருக்கலாம்.

*

இணைப்பிக்குத் தெரிந்தவை பெயர்கள் மட்டுமே என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். ஒவ்வொரு துண்டும் இரண்டு பட்டியல்களோடு வருகிறது: என்னிடம் உள்ள பெயர்கள், எனக்கு வேண்டிய பெயர்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவரிடம் இருந்தால் இணைப்பி முடிச்சுப் போடும். எவரிடமும் இல்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லி, வரையறுக்கப்படாத சுட்டு என்று முறையிட்டு நின்றுவிடும். பெயருக்குப் பின்னால் இருப்பது என்ன, எத்தனை உள்ளீடுகளை அது எதிர்பார்க்கிறது, எந்த வரிசையில் எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் சி மொழியின் இணைப்பிக்குத் தெரியாது. பெயர் பொருந்தினால் அதற்குப் போதும்.

முதல் முப்பது ஆண்டுகள் இந்த அறியாமை பெரிதும் தொல்லை தரவில்லை. நூலகத்தின் வேண்டிய பகுதி நிரலுக்குள்ளேயே படியெடுக்கப்பட்டு அதன் உறுப்பாகிவிடும். நிலையான இணைப்பு என்று இதைச் சொல்வர். ஒரு முறை இணைத்த நிரலுக்குப் பிறகு நூலகத்தோடு உறவில்லை. நூலகம் மாறினாலும் அழிந்தாலும் நிரல் ஓடும். விலை, இடம். நூறு நிரல்கள் இருந்தால் அச்சிடும் துணைநிரலுக்கு நூறு படிகள்.

அந்த வீணடிப்பைத் தவிர்க்கப் பிறந்ததே பகிர்வு நூலகம். 1960களின் நடுவில் உருவான மல்டிக்ஸ் இயக்குதளம் நிரல் ஓடும்போதே துண்டுகளைச் சேர்க்கும் முறையைக் கொண்டிருந்தது. அதிலிருந்து பாடம் கற்று எளிமையை நாடிய யூனிக்ஸ் நிலையான இணைப்போடு நின்றது. பிறகு யூனிக்ஸும் அவ்வழிக்கே வர வேண்டியதாயிற்று. சன் நிறுவனம் 1988இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0 பகிர்வு நூலகங்களோடு வந்தது. நூலகம் வட்டில் ஒரே ஒரு படியாக இருக்கும். நிரலுக்குள் நூலகத்தின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும். நிரல் தொடங்கும் கணத்தில் ஏற்றி என்னும் கருவி அப்பெயரைத் தேடிப் பிடித்து முடிச்சுகளைப் போடும்.

இப்படியாக இணைப்பு என்ற வேலை இரண்டாகப் பிரிந்தது. நிரலை உருவாக்கும் நாளில் ஒரு புணர்ச்சி. அதை ஓட்டும் ஒவ்வொரு நாளும் மறுபுணர்ச்சி. முதலாவது நிரலாளரின் கணினியில் நடப்பது. இரண்டாவது பயனாளரின் கணினியில். இடையில் நூலகம் மாறியிருக்கலாம். சன் பொறியாளர்கள் இதை முன்பே உணர்ந்து நூலகத்தின் பெயரோடு இரண்டு எண்களைச் சேர்த்திருந்தனர். பழைய நிரல்களுக்கு ஒவ்வாத மாற்றம் வந்தால் முதல் எண் ஏறும். புதியன சேர்ந்து பழையன அப்படியே இருந்தால் இரண்டாம் எண் ஏறும். இன்றைய பதிப்பெண் மரபுகள் பலவற்றில் இந்தப் பாகுபாட்டையே காண்கிறோம்.

*

லினக்ஸின் தொடக்க ஆண்டுகளில் பகிர்வு நூலகங்கள் ஒவ்வொன்றும் நினைவகத்தில் குறித்ததோர் இடத்தில் மட்டுமே அமர முடியும். எந்த நூலகத்துக்கு எந்த முகவரி என்று, நில ஆவணம் போல, ஒரு பதிவேடு வைத்துப் பங்கிட்டுக் கொடுத்தனர். 1995 வாக்கில் எல்ஃப் என்னும் கோப்பு வடிவம் வந்த பிறகே அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 1997இல் லினக்ஸின் அடிப்படையான சி நூலகமே மாறியது. அதுவரை இருந்த ஐந்தாம் பதிப்பை விட்டுவிட்டு, ஆறு என்ற எண்ணோடு ஜிலிப்சி 2.0 வந்தது. இரண்டு நூலகங்களையும் ஒரே கணினியில் வைத்திருக்கலாம். ஆனால் ஒரே நிரலுக்குள் இரண்டும் நுழைந்துவிட்டால் கேடு. நிரல் ஆறாம் பதிப்பைக் கேட்கும். அது பயன்படுத்தும் வேறொரு நூலகமோ ஐந்தாம் பதிப்பைக் கேட்கும். ஒரே பெயர் கொண்ட இரண்டு செயற்கூறுகள் ஒரே வீட்டில் குடியேறும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி முழு நூலகத்தையும் பெயர் மாற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பழைய நிரலும் பிழைக்காது. 1999இல் வெளிவந்த ஜிலிப்சி 2.1 இதற்கு ஒரு நயமான தீர்வைக் கண்டது. பதிப்பெண் நூலகத்துக்கு மட்டும் என்றில்லாமல் அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் உண்டு என்றது. சொலாரிஸ் இயக்குதளத்தில் முளைவிட்டிருந்த கருத்து இது. உல்ரிக் டிரெப்பரும் எரிக் யங்டேலும் அதை மேலும் வளர்த்து, ஒரே நூலகத்துக்குள் ஒரே பெயர் பல பதிப்புகளில் வாழ வகை செய்தனர். 2.0 காலத்து நிரல் வந்து கேட்டால் 2.0இன் செயற்கூறு கிடைக்கும். புதிய நிரல் கேட்டால் புதியது. மூலபாடத்தையும் திருத்திய பாடத்தையும் ஒரே நூலில் அச்சிட்டு, வாசகர் எந்த ஆண்டில் வந்தவர் என்று பார்த்து அவருக்குரிய பக்கத்தைத் திறந்து காட்டும் பதிப்பாசிரியரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டின் அருமை 2010இல் வெளிப்பட்டது. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் மெம்சிபிஒய் என்ற செயற்கூறு சி மொழியின் மிகப் பழைய சொத்து. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் விதி. காரணம் எளிது. அலமாரியில் பத்து நூல்களை ஓரிடம் வலப்புறம் தள்ள வேண்டுமென்றால் கடைசி நூலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் நூலிலிருந்து தொடங்கினால் அடுத்ததன் மேல் இடிக்கும். இடப்புறம் தள்ளுவதற்கு இது நேர்மாறு. பலர் விதியை மீறியிருந்தனர். பழைய செயற்கூறு முன்னிருந்து பின்னாகப் படியெடுத்ததால் அவர்களுடைய மீறல் தற்செயலாகப் பலித்துக்கொண்டிருந்தது. வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும் புதிய முறை ஜிலிப்சியில் வந்ததும் ஃபெடோரா 14 பயனாளர்களுக்கு ஃப்ளாஷ் நிகழ்படங்களின் ஒலி கரகரத்தது.

யார் பிழை? விதியை மீறிய நிரலின் பிழை என்றனர் நூலகத்தின் தரப்பினர். நேற்றுவரை ஓடியதை இன்று ஓடாமல் செய்தது நூலகம்தானே, விதியைக் காட்டிப் பயனாளரைத் தண்டிக்கலாமா என்று கேட்டார் லினஸ் டோர்வால்ட்ஸ். 2011இல் வந்த ஜிலிப்சி 2.14 இருவர் சொல்லையும் காத்தது. 64 பிட் கணினிகளில் அப்பெயருக்கு இரண்டு பதிப்புகள் உண்டாயின. பழைய நிரல்களுக்குப் பழையதைப் போல் தீங்கில்லாமல் நடந்துகொள்வது ஒன்று. புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்கு வேகமானது மற்றொன்று. வழக்குத் தீர்ந்தது.

தீர்வுக்கும் ஒரு விலை இருந்தது. புதிய கணினியில் இணைத்த நிரலை எடுத்துப்போய்ப் பழைய கணினியில் ஓட்டினால், 2.14 என்ற பதிப்பு காணப்படவில்லை என்று ஏற்றி மறுத்துவிடும். நினைவகத்தைப் படியெடுப்பது போன்ற எளிய காரியத்துக்காக மட்டுமே அந்தப் பதிப்பு கேட்கப்பட்டிருக்கும். பழையது புதியதில் ஓடும், புதியது பழையதில் ஓடாது. இந்த ஒருவழிப் பாதையை அறிந்த நிரலாளர்கள், பிறருக்குக் கொடுக்கும் நிரலைத் தம்மிடமுள்ள மிகப் பழைய கணினியிலேயே இணைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

*

நம் நண்பரின் நிரல் எழுதப்பட்ட சி++ மொழியின் கதை வேறு. அம்மொழியில் ஒரே பெயரில் பல செயற்கூறுகள் இருக்கலாம். எண்ணை எழுதும் எழுது ஒன்று, சொல்லை எழுதும் எழுது இன்னொன்று. இணைப்பிக்கோ பெயர் மட்டுமே தெரியும். ஆகவே பெல் ஆய்வகத்தில் பியான் ஸ்ட்ரவுஸ்டிரப் உருவாக்கிய சிஃப்ரன்ட் என்ற முதல் சி++ கம்பைலர், உள்ளீடுகளின் வகைகளையும் பெயருக்குள்ளேயே திணித்தது. எழுது-எண், எழுது-சொல் என்பது போல. இதனால் வகை பொருந்தாத முடிச்சை இணைப்பியே மறுத்துவிடும்.

பெயரைத் திரிக்கும் முறையை ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. அது கவனக்குறைவு அல்ல. இரண்டு கம்பைலர்கள் பொருள்களை நினைவகத்தில் வெவ்வேறு விதமாக அடுக்குமானால் அவற்றின் பெயர்களும் வேறுபட்டிருப்பதே நல்லது என்று மொழியின் தொடக்ககால விளக்கநூலே கருதியது. சேரக் கூடாதவை இணைப்பு நிலையிலேயே தடுக்கப்பட்டுவிடும் அல்லவா? இணைப்பிப் பிழையை இடையூறாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய கோணம். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் காவலரை நாம் சபித்துக்கொண்டிருந்தோம்.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 7.0, ஜிசிசி 2.96 என்ற கம்பைலரோடு வந்தது. அப்படி ஓர் எண்ணில் ஜிசிசி குழு எதையும் வெளியிட்டிருக்கவில்லை. வளர்ச்சியில் இருந்த நிலையை எடுத்துச் செப்பனிட்டு அந்நிறுவனம் தன் பொறுப்பில் வெளியிட்டிருந்தது. அதில் உருவாகும் சி++ கோப்புகள் முந்தைய 2.95ஓடும் சேராது, வரப்போகும் 3.0ஓடும் சேராது என்று ஜிசிசியின் வழிநடத்தும் குழு அடுத்த மாதமே அறிவித்தது. 2001 ஜூனில் வந்த ஜிசிசி 3.0, பல நிறுவனங்கள் கூடி இன்டெலின் ஐடானியம் செயலிக்கென்று வகுத்த பொது இணக்க விதிகளை ஏற்றுக்கொண்டது. அதிலும் பிழைகள் இருந்ததால் 2002 ஆகஸ்டில் 3.2, மீண்டும் 2004இல் 3.4. நான்கு ஆண்டுகளுக்குள் சி++ நூலகங்கள் திரும்பத் திரும்பப் பொருந்தாமல் போயின. ஐடானியம் செயலிகளை அனுப்புவதை இன்டெல் 2021இல் நிறுத்திக்கொண்டது. அதற்கென வகுத்த பெயரிடும் விதியோ லினக்ஸ் கணினிகளில் இன்றும் ஆட்சி செய்கிறது.

2004க்குப் பிறகு ஜிசிசியின் சி++ நூலகம் தன் முதன்மை எண்ணை மாற்றவே இல்லை. 2011இல் வந்த மொழித்தரம், சொற்சரத்தைச் சேமிக்கும் பழைய உத்தியைத் தடை செய்தபோது சோதனை வந்தது. 2015இல் ஜிசிசி 5, பழைய சரம், புதிய சரம் இரண்டையும் ஒரே நூலகத்தில் வைத்தது. புதியதன் திரிந்த பெயருக்குள் 11 என்ற அடையாளத்தைச் செருகியது. அதன் பிறகு உலகெங்கும் ஒரே வகைப் பிழை எழுந்தது. நூலகம் இருக்கிறது, செயற்கூறும் இருக்கிறது, ஆனாலும் வரையறுக்கப்படாத சுட்டு. பிழைச்செய்தியில் அந்த 11 தென்பட்டால், ஒரு பாதி 2015க்கு முந்தைய பழக்கத்தில் கம்பைல் செய்யப்பட்டது, மறுபாதி பிந்தையது என்று அறியலாம். விண்டோஸ் உலகிலும் இதற்கு இணையானது உண்டு. 2010ஆம் ஆண்டின் விஷுவல் ஸ்டூடியோ, ஒவ்வொரு கோப்பிலும் கம்பைலரின் பதிப்பைப் பொறித்து வைத்து, 1600 என்பது 1700ஓடு பொருந்தவில்லை என்று எண்களையே காட்டி மறுத்தது.

*

இத்தகைய பிழையை எதிர்கொள்பவர் செய்ய வேண்டியதை இந்த வரலாற்றிலிருந்தே பெறலாம். முதலில் பிழை எந்தப் புணர்ச்சியில் நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். வரையறுக்கப்படாத சுட்டு என்று இணைப்பி சொன்னால் அது உருவாக்கும் நாளின் பிழை. நூலகத்தைத் திறக்க இயலவில்லை, பதிப்பு காணப்படவில்லை என்று ஏற்றி சொன்னால் ஓட்டும் நாளின் பிழை. அடுத்து, திரிந்த பெயரை சி++ஃபில்ட் என்ற கருவியால் பிரித்துப் படிக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைக் கேட்பவர் யார், கொடுக்க வேண்டியவர் யார் என்று என்எம், ரீட்எல்ஃப் ஆகிய கருவிகளால் இரு பட்டியல்களையும் ஒப்பிட வேண்டும். பாடபேதம் பார்ப்பது போன்ற வேலைதான். ஓர் எழுத்து வேறுபாட்டில் விடை கிடைக்கும்.

பெயர் நூலகத்தில் இருந்தும் பிழை வந்தால், நாம் நினைக்கும் நூலகத்தைத்தான் இணைப்பி எடுத்ததா என்று ஐயப்பட வேண்டும். ஒரே நூலகத்தின் இரண்டு படிகள் வெவ்வேறு அடைவுகளில் இருப்பது மிகவும் சாதாரணம். ஹெடர் கோப்பு ஓர் அடைவின் புதிய பதிப்பிலிருந்தும் நூலகம் வேறோர் அடைவின் பழைய பதிப்பிலிருந்தும் வந்திருக்கும். ஹெடர் என்பது நூலகம் தரும் வாக்குறுதி. வாக்களித்தவர் ஒருவர், நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர் என்றாகிவிடும். எந்தக் கோப்பைத் திறந்தாய் என்று இணைப்பியிடமும், எங்கே தேடினாய் என்று ஏற்றியிடமும் கேட்டுப் பெற வழிகள் உண்டு.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. கேட்கும் பதிப்பு இல்லையென்றால் கையில் உள்ள பதிப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுவது. பெயர் மட்டும் பார்ப்பவர்களை ஏமாற்றுவது எளிது. ஆனால் அதன் விளைவு பிழைச்செய்தியை விடக் கொடிது. மூன்று கட்டங்கள் உள்ள படிவத்தை எதிர்பார்ப்பவரிடம் நான்கு கட்டங்கள் உள்ள படிவத்தைக் கொடுத்தால், அவர் முகவரியை எடுத்துப் பெயராக வாசிப்பார். நிரல் ஓடும், விடை தவறாக இருக்கும், ஒரு செய்தியும் வராது.

பகிர்வை விட்டு எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பலர் அவ்வழிக்குத் திரும்பியும் இருக்கிறார்கள். 2009இல் வெளியான கோ மொழி நிலையான இணைப்பையே இயல்பாகக் கொண்டது. 2013இல் வந்த டாக்கர், நிரலோடு அதன் நூலகங்கள் அனைத்தையும் பெட்டியில் அடைத்து அனுப்பும் பழக்கத்தைப் பரப்பியது. ஆனால் 2002 மார்ச்சில் இசட்லிப் என்ற சுருக்க நூலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, பகிர்வு நூலகத்தை நம்பியிருந்த நிரல்கள் ஒரே கோப்பை மாற்றியதும் நலம் பெற்றன; தம் உள்ளே படி வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. பகிர்ந்தால் பிறர் மாறும்போது நாம் உடையலாம். பகிராவிட்டால் பிறர் திருந்தும்போது நாம் திருந்த மாட்டோம்.

*

நண்பரின் நிரலுக்கு வருவோம். கோப்பே இல்லை என்ற செய்தியின் பொருள் பிறகுதான் விளங்கியது. இல்லாமற்போனது நிரல் அல்ல, அது கேட்ட 32 பிட் ஏற்றி. நம் கணினியோ 64 பிட். உரிய ஏற்றியையும் சி நூலகத்தையும் நிறுவியதும் செய்தி மாறியது. இப்போது பழைய சி++ நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்றது. அதன் பெயரில் இருந்த எண்களிலிருந்து அது 2.96 காலத்தது என்று அறிந்தோம். அப்போதும் அறியாமையால், செய்யக் கூடாது என்று மேலே சொன்னதையே செய்தோம். புதிய நூலகத்துக்குப் பழைய பெயரைச் சூட்டினோம். நல்வாய்ப்பாக அது நம்மைக் காப்பாற்றியது. பழைய திரிபில் செயற்கூறின் பெயர் முன்னும் வகைகள் பின்னுமாக நிற்கும். புதிய திரிபில் அடிக்கோட்டோடு வேறு விதமாகத் தொடங்கும். வரி முடிவைக் குறிக்கும் எண்ட்எல் என்ற எளிய பெயரிலேயே ஏற்றி நின்றுவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ யோசித்து வைத்த காவல் அது. பொருந்தாத நூலகத்தோடு நிரல் ஓடித் தவறான அடைவு ஒன்றைத் தந்திருந்தால் அதை நாம் நண்பருடையது என்றே நம்பியிருப்போம்.

லினக்ஸ் வழங்குவோர் சிலர் பழைய நிரல்களுக்காக 2.96 காலத்து சி++ நூலகத்தை அப்போதும் பொதியாகப் பேணி வந்தனர். அதை நிறுவியபோது நிரல் ஓடியது. சி நூலகத்தைப் பொறுத்தவரை நாம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பத்து ஆண்டுகளில் அது எத்தனையோ முறை மாறியிருந்தும், 2001இன் நிரல் வந்து கேட்டபோது 2001இன் பெயர்களை எடுத்துக் கொடுத்தது. பழைய வாசகருக்காகப் பழைய பாடத்தைக் கைவிடாது காத்த பதிப்பு.

அதன் பிறகு செய்த முதல் வேலை, விலக்குகளை வெளியே எடுத்தது. நிரலுக்குள் கை வைக்காமல், நம்மிடம் இருந்த பனுவல்களின் சொற்களையெல்லாம் அதற்குக் கொடுத்து, பொதுவிதியிலிருந்து அது விலகிய இடங்களைக் குறித்துக்கொண்டோம். திஸ்கியை யூனிகோடாக மாற்றி, எந்த நூலகமும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக்கோப்பாகச் சேமித்தோம். சில பிரிப்புகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. அவற்றையும் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறோம். அருகில் நம் பாடத்தை வேறு எண்ணிட்டு எழுதியிருக்கிறோம்.